ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட்: அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் மகளுக்கு 30 வயது. ஆட்டிசம் இருக்கிறது. எஸ்எஸ்ஐ உதவித்தொகையும் (வருமானமும் சொத்தும் குறைந்த மாற்றுத்திறனாளிகள், முதியவர்களுக்கு அரசு மாதாமாதம் தருவது) மெடிகெய்டும் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பேத்தி மேல் உயிரையே வைத்திருந்த தாத்தா, உயிலில் அவள் பெயருக்கு 50,000 டாலர் எழுதிவைத்துவிட்டுப் போகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் எஸ்எஸ்ஐ வாங்கும் ஒருவருக்குக் கணக்கில் சேரும் சொத்து 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. 1989-இலிருந்து இந்த வரம்பு மாறவேயில்லை. பணம் அவள் பெயருக்கு வந்ததும் எஸ்எஸ்ஐ நின்றுபோகும், பல மாநிலங்களில் மெடிகெய்டும் கூடவே போகும். வீட்டுக்கு வரும் உதவியாளரும் பகல்நேரப் பராமரிப்பும் மெடிகெய்ட் வழியாகக் கிடைப்பவை என்றால், இழப்பு 50,000 டாலரோடு நிற்காது.

இதைத் தவிர்க்கத்தான் ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட். பணம் டிரஸ்டின் பெயரில் இருக்கும். டிரஸ்டை நிர்வகிக்கும் டிரஸ்டி அதை உங்கள் பிள்ளைக்காகச் செலவு செய்வார். பிள்ளை பெயரில் இல்லாததால் அந்த 2,000 டாலர் கணக்கில் அது சேராது.

படி 1: என்னென்ன உதவிகள் வருகின்றன?

முதலில் பிள்ளைக்கு வரும் உதவிகளை ஒரு தாளில் எழுதுங்கள். எஸ்எஸ்ஐ, மெடிகெய்ட் இரண்டும் சொத்து, வருமானம் பார்த்துக் கொடுப்பவை. எஸ்எஸ்டிஐ (சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியதன் அடிப்படையில் வரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை), மெடிகேர் (முதியவர்களுக்கும் எஸ்எஸ்டிஐ பெறுவோருக்குமான மருத்துவக் காப்பீடு) இரண்டுக்கும் சொத்து வரம்பு கிடையாது. பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். எஸ்எஸ்டிஐ மட்டும்தான் வருகிறது, மெடிகெய்ட் தேவையில்லை, இனியும் தேவைப்படாது என்றால் வேறு வகை டிரஸ்டே போதும்.

பிள்ளை இன்னும் சிறியவரா? உங்கள் வருமானத்தைக் காரணம் காட்டி எஸ்எஸ்ஐ மறுக்கப்பட்டிருக்கலாம். 18 வயதானதும் பெற்றோர் வருமானத்தைச் சேர்த்துப் பார்க்கமாட்டார்கள். அப்போது திரும்ப விண்ணப்பிக்கலாம். அதனால் இப்போது ஒன்றும் வரவில்லை என்பதற்காக இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 2: யாருடைய பணம்?

எந்த வகை டிரஸ்ட் என்பதை இந்த ஒரு கேள்வி முடிவு செய்துவிடும்.

பெற்றோர், தாத்தா பாட்டி போன்ற மற்றவர்களின் பணம் என்றால் மூன்றாம் நபர் டிரஸ்ட். பயனாளியின், அதாவது உங்கள் பிள்ளையின், காலத்துக்குப் பிறகு மிச்சமிருப்பது நீங்கள் சொன்ன ஆளுக்குப் போகும். அரசுக்கு எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

விபத்து நஷ்டஈடு, நேரடியாக வந்துவிட்ட வாரிசுப் பணம் போல ஏற்கெனவே பிள்ளையின் சொந்தப் பணம் என்றால் முதல் நபர் டிரஸ்ட். இதை 65 வயதுக்கு முன்பே ஏற்படுத்த வேண்டும். பயனாளி இறந்த பிறகு, மெடிகெய்ட் அவருக்குச் செலவழித்த தொகையை மிச்சப் பணத்திலிருந்து மாநிலம் எடுத்துக்கொள்ளும். முன்பு பெற்றோர், தாத்தா பாட்டி, கார்டியன், நீதிமன்றம் மட்டுமே இதைத் தொடங்க முடியும். 2016 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளி தானே தொடங்கலாம்.

இந்த இரண்டு பணத்தையும் ஒரே டிரஸ்டில் கலக்கவே கலக்காதீர்கள். கலந்தால், உங்கள் பணத்துக்கும் சேர்த்து மாநிலம் உரிமை கேட்கும் நிலை வரலாம்.

தொகை சிறியது, அல்லது நம்பி ஒப்படைக்க ஆள் இல்லை என்றால் லாப நோக்கமற்ற அமைப்புகள் நடத்தும் பூல்டு டிரஸ்ட் இருக்கிறது. பலருடைய பணத்தைச் சேர்த்து முதலீடு செய்வார்கள், கணக்கு மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருக்கும்.

படி 3: டிரஸ்டி யார்?

பெரும்பாலான வீடுகளில் உடனே வரும் பதில், "அண்ணன் பார்த்துக்குவான்". பார்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் தங்கை காலத்துக்குப் பிறகு மிச்சப் பணம் அந்த அண்ணனுக்கே போகும் என்று எழுதியிருந்தால், அவளுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் அவன் பங்கில் குறையும். நல்லவனுக்கும் இது சங்கடமான இடம். போதாக்குறைக்கு வரிக் கணக்கு, முதலீடு, உதவித் திட்ட விதிகள் எல்லாம் அவன் தலையில் விழும்.

எனக்குச் சரியாகப் படுவது வேலையைப் பிரித்துக் கொடுப்பது. வங்கியோ தொழில்முறை டிரஸ்டியோ பணத்தையும் கணக்கையும் பார்க்கட்டும். பிள்ளையை நன்றாகத் தெரிந்த ஒருவர், அவளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லட்டும். டிரஸ்டி சரியில்லை என்றால் மாற்றும் அதிகாரத்தை மூன்றாவது ஆளிடம் கொடுக்கலாம். தொழில்முறை டிரஸ்டிக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, சில இடங்களில் குறைந்தபட்சத் தொகையும் கேட்பார்கள். இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். யாரைப் போட்டாலும், அவருக்குப் பின் யார் என்று இரண்டு பெயராவது ஆவணத்தில் இருக்கட்டும்.

படி 4: வக்கீலும் ஆவணமும்

இணையத்தில் கிடைக்கும் படிவத்தை நிரப்பிச் செய்கிற வேலை இல்லை இது. வீடு வாங்க உதவிய வக்கீலும் இதற்குச் சரிவரமாட்டார். ஸ்பெஷல் நீட்ஸ் திட்டமிடலையே தொழிலாகச் செய்பவரைத் தேடுங்கள்.

வரைவு வந்ததும் சில விஷயங்களை நீங்களே படித்துப் பாருங்கள். பணத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் முழுக்க டிரஸ்டியின் விருப்பம் என்று இருக்க வேண்டும். "பராமரிப்புக்கும் ஆதரவுக்கும் கொடுக்க வேண்டும்" என்று கட்டாயமாக எழுதியிருந்தால் ஆபத்து. பயனாளி கேட்டு வாங்கக்கூடிய சொத்தாக அதை அதிகாரிகள் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அரசு உதவிக்குக் கூடுதலாகத்தான், அதற்குப் பதிலாக அல்ல என்பதும் தெளிவாக இருக்கட்டும். உயிலுக்குள் டிரஸ்டை எழுதுவதைவிட, உங்கள் காலத்திலேயே தனி டிரஸ்டாகத் தொடங்குவது நல்லது. அப்போதுதான் மற்ற உறவினர்களும் அதற்குப் பணம் தர முடியும்.

படி 5: பணம் வரும் வழிகளைத் திருப்புங்கள்

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ஆவணத்தில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிடுவார்கள், பணம் மட்டும் பழைய வழியிலேயே பிள்ளை பெயருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஆயுள் காப்பீடு, 401கே, ஐஆர்ஏ போன்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குகள், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும், உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதும் பயனாளி படிவம் உண்டு. உயிலில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் படிவம்தான் செல்லும். பத்து வருடம் முன்பு வேலையில் சேர்ந்த அன்று "பிள்ளைகளுக்குச் சமமாக" என்று எழுதிக்கொடுத்தது இன்னும் அப்படியே இருக்கும். முதல் பயனாளி கணவன் அல்லது மனைவி, அடுத்தது டிரஸ்ட் என்று மாற்றுங்கள். டிரஸ்டின் முழுப் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். ஓய்வூதியக் கணக்குகளுக்கு 2019-இல் வந்த செக்யூர் சட்டத்தின் பத்து வருட விதியிலிருந்து (வாரிசு பத்து வருடத்துக்குள் கணக்கிலுள்ள பணம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்பது) மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் டிரஸ்ட் அதற்கேற்ப எழுதப்பட்டிருந்தால்தான் அது கிடைக்கும். வக்கீலிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

அப்புறம், பிள்ளை பெயரில் யுடிஎம்ஏ கணக்கு (வயது வராத பிள்ளைக்காகப் பெரியவர் நிர்வகிக்கும் கணக்கு) இருக்கிறதா என்று பாருங்கள். மாநில விதிப்படி வயது வந்ததும் அது பிள்ளையின் சொத்தாகிவிடும். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா எல்லாரிடமும் "அவளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் டிரஸ்டுக்குக் கொடுங்கள்" என்று சொல்லி, டிரஸ்டின் பெயரை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

படி 6: செலவு செய்யும் முறை

பிள்ளை கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அது வருமானம். முதல் 20 டாலர் போக, கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் எஸ்எஸ்ஐ ஒரு டாலர் குறையலாம். அதனால் டிரஸ்டி கடைக்கோ நிறுவனத்துக்கோ நேரடியாகக் கட்ட வேண்டும். கணினி, பயணம், படிப்பு, பல் வைத்தியம், போன், இன்டர்நெட் எதற்கும் சிக்கல் இல்லை. பிள்ளை தன் கிரெடிட் கார்டில் வாங்கியதற்கு டிரஸ்ட் பில் கட்டலாம், வாடகை, மின்சாரம் போன்ற குடியிருப்புச் செலவு அதில் இல்லாதவரை.

முன்பு டிரஸ்ட் சாப்பாட்டுக்குப் பணம் கட்டினாலும் எஸ்எஸ்ஐ குறைந்தது. 2024 செப்டம்பர் 30 முதல் அது கிடையாது, பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். வாடகை, மின்சாரம், தண்ணீர் போன்றவற்றை டிரஸ்ட் கட்டினால் இன்னும் எஸ்எஸ்ஐ குறையும். ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு: முழு மாதத் தொகையில் மூன்றில் ஒரு பங்குடன் 20 டாலர். 2026-இல் முழுத் தொகை 994 டாலர், ஆக 351 டாலர் வரைதான் குறையும். 1,500 டாலர் வாடகைக்காக 351-ஐ விட்டுக்கொடுப்பது பல குடும்பங்களுக்கு லாபமே.

அந்தக் குறைப்பையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. டிரஸ்டிலிருந்து ஏபிள் கணக்குக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான வரிச் சலுகையுள்ள சேமிப்புக் கணக்கு) பணம் மாற்றி, அங்கிருந்து அந்த மாதத்திலேயே வாடகை கட்டினால் எஸ்எஸ்ஐ குறையாது. முன்பு 26 வயதுக்குள் குறைபாடு தொடங்கியவர்களுக்கு மட்டுமே ஏபிள் கணக்கு. 2026 ஜனவரியிலிருந்து 46 வயதுக்கு முன் தொடங்கியிருந்தால் போதும். ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்ற வரம்பு உண்டு, அந்தந்த ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: வழிகாட்டிக் கடிதம்

சட்டப்படி செல்லாத, ஆனால் டிரஸ்டி அடிக்கடி எடுத்துப் படிக்கப்போகும் தாள் இது. மருந்துகள், டாக்டர்கள், எந்தச் சத்தம் ஆகாது, கோபம் வந்தால் எப்படிச் சமாளிப்பது, யாரோடு இருந்தால் சந்தோஷம் என்று உங்களுக்கு மட்டுமே தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். தேதி போடுங்கள், ஆண்டுக்கொரு முறை திருத்துங்கள்.

அந்தச் சமயத்திலேயே பயனாளி படிவங்களையும் ஒரு கண் பார்த்துவிடலாம். வேலை மாறினால் புது 401கே, புதுப் படிவம். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்குள்ள வக்கீலிடம் டிரஸ்டைக் காட்டுங்கள். மெடிகெய்ட் வேவர் (வீட்டிலேயே பராமரிப்பு உதவி தரும் மாநிலத் திட்டம்) காத்திருப்புப் பட்டியலில் உங்களுக்கு இருந்த இடம் கூடவே வராது. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் புது மாநிலத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.