எஞ்சினுக்கு ஸ்ப்ரே பெயின்ட் வாங்கும் முன்

டப்பாவில் 'ஹீட் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருக்கிறதே என்று உடனே எடுத்துவிடாதீர்கள். எத்தனை டிகிரி வரை என்று பாருங்கள். வால்வ் கவர், எஞ்சின் பிளாக் போன்றவற்றுக்கு 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் எஞ்சின் எனாமல் தாராளம். அங்கே சூட்டைவிட, சிந்தும் ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் அது ஈடுகொடுக்குமா என்பதுதான் என் முதல் கேள்வி.

எஞ்சினிலிருந்து சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கதையே வேறு. 600 டிகிரிக்கு மேல் தாங்கும் சிலிக்கோன் அல்லது செராமிக் பெயின்ட் வேண்டும். அதைப் படிப்படியாகச் சூடேற்றி ஆறவிட்டால்தான் முழுதாக இறுகும். நேரக் கணக்கு டப்பாவிலேயே இருக்கும். அடியில் சாதா பிரைமர் அடித்தால் எல்லாம் சேர்ந்து உரியும். அப்புறம், துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் போகாமல் எந்தப் பெயின்டும் ஒட்டாது. சென்சார்களையும் கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் அடைப்பு) உட்காரும் பரப்பையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.