வட்டுக்கோட்டைச் செமினரி வளாகம்: பேய்க்கதை கேட்கப் போகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும் குடும்பங்கள் நல்லூர்த் திருவிழா, நயினாதீவு, கசூரினா கடற்கரை என்று நாள்களை நிரப்பிவிடுகின்றன. வட்டுக்கோட்டைக்கு அரை நாள் ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். யாழ்ப்பாண நகரத்திலிருந்து வடமேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். அங்கே இன்று யாழ்ப்பாணக் கல்லூரி நடக்கும் வளாகத்தில்தான் 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பழைய கட்டிடம் பார்க்க வா என்றால் வரமாட்டார்கள். பேய்க்கதை உண்டு என்றால் முன்னே ஓடிவருவார்கள். அந்த ஆவலை நான் குறைவாக எண்ணவில்லை. யாழ்ப்பாணத்துப் பேய்க்கதை ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ ஒருவரின் சாவு இருக்கிறது. அது யாருடையது என்று தேடப் புறப்படும் பிள்ளை வரலாற்றுக்குள் தானாகவே நடந்து போய்விடும்.

பயணம் விமானநிலையத்தில் தொடங்குவதில்லை. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உங்கள் வீட்டிலேயே இருக்கும் முதியவரிடம் தொடங்குகிறது. அம்மப்பாவோ பெரியப்பாவோ விடுதியில் தங்கிப் படித்தவராக இருந்தால், புறப்படுவதற்கு முன் ஒரு மாலை அவரோடு உட்காருங்கள். “உங்கள் காலத்தில் பேய் எந்தப் பக்கம் இருந்தது?” என்று கேளுங்கள். படிப்பைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுகிறவர், இதற்கு ஒரு மணி நேரம் பேசுவார். எந்தக் கட்டிடம், எந்த மரம், எந்தக் கிணறு, அந்த ஆண்டு விடுதிப் பொறுப்பாளர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. பிறகு, அவர் சொன்னதை வைத்து அந்தக் காலத்து வளாகத்தைப் பிள்ளைகளைக் கொண்டே தாளில் வரையச் செய்யுங்கள். அங்கே போகும்போது அந்தத் தாள்தான் உங்கள் வரைபடம்.

வளாகத்தின் வயது செமினரிக்கும் முந்தியது. போர்த்துக்கேயர் அங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள். அது இருந்த இடத்தில் ஒல்லாந்தர் 1678இல் தங்களுடையதை எழுப்பினார்கள். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது அது கூரையில்லாமல் சிதைந்து கிடந்தது. அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இப்படி ஒல்லாந்தர் விட்டுப்போன பாழ்மனைகள்தான். அவற்றைத் திருத்திக் குடியேறினார்கள். இன்று அந்தத் தேவாலயம் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்குப் பேராலயமாக நிற்கிறது. மூன்று ஆட்சிகளும் மூன்று விதமான வழிபாடும் ஒரே அத்திவாரத்தின் மேல் நடந்திருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் கதை முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

செமினரியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால் நான் கிரகணத்திலிருந்து தொடங்குவேன். பக்கத்து ஊரான அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியார் அக்காலத்தில் பெயர்பெற்ற பஞ்சாங்கக் கணிதர். 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணத்துக்கு அவருடைய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைச் சொன்னது. செமினரித் தலைவர் டானியல் பூவரின் கணக்கு வேறொன்றைச் சொன்னது. அன்றிரவு ஊரே வானத்தைப் பார்த்து நின்றது. பூவரின் கணக்கே சரியாக வந்தது. இதை மேற்கத்திய அறிவின் வெற்றி என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். கையில் பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல், வழிவழியாக வந்த வாய்பாடுகளைக் கொண்டு அவ்வளவு நெருங்கி வந்த சாஸ்திரியாரின் குடும்பக் கல்வியும் அந்த மண்ணினுடையதுதான். பின்னர் செமினரியை நடத்திய ஹொய்சிங்டன் தமிழ் மாணவருக்காக எழுதிய வானசாத்திர நூலில் உள்ளூர்க் கணிதமுறையையும் படித்து விளக்கினார்.

இந்தச் செமினரிக்குக் கல்லூரி என்ற பட்டயம் கிடைக்கவில்லை. ஆனாலும் இங்கே கற்பிக்கப்பட்டதைக் கண்ட, இலங்கையின் ஆங்கிலேய ஆட்சியில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தக்கது என்று எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பட்டத் தேர்வில் தேறிய இருவரும் இங்கே படித்தவர்கள்: கரோல் விசுவநாதபிள்ளையும், பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும். கலித்தொகையை இன்று நாம் புத்தகமாகப் புரட்டுவதற்கு இந்த வளாகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர்கள் சமயப் பணிக்குப் போகாமல் அரச வேலைக்குப் போகிறார்கள் என்ற மனக்குறை மிஷன் தலைமைக்கு இருந்தது. ஊர்மக்கள் விடாமல் கேட்டதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே இடத்தில் பிறந்தது.

குடும்ப வேர் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. மிஷன் விடுதிகளில் சேர்ந்த பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் இருந்த நன்கொடையாளர்கள் ஏற்றார்கள். அவர்கள் விரும்பிய பெயர் பிள்ளைக்கு இடப்பட்டது. விசுவநாதபிள்ளைக்கு முன்னால் நிற்கும் ‘கரோல்’ அப்படி வந்த பெயர். ஆகவே பழைய பதிவேடுகளில் உங்கள் பூட்டனார் முற்றிலும் அமெரிக்கப் பெயரில் இருக்கக்கூடும். ஊர், பெற்றோர் பெயர், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றை வைத்தே அவரை அடையாளம் காண வேண்டும். மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் பெருமளவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் வாழ்பவர்களுக்கு அது வட்டுக்கோட்டையைவிடப் பக்கம். யாழ்ப்பாணத்துப் பழைய நூல்களையும் மலர்களையும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

இனிப் பேய்களுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் விடுதி உள்ள பழைய பாடசாலைகளில் எதை எடுத்தாலும் கதைகள் ஏறக்குறைய ஒரே குடும்பத்தவை. வெள்ளை உடுப்பில் விறாந்தையில் நடக்கும் மிசியம்மா (மிஷனரி வீட்டு வெள்ளைக்காரப் பெண்), ஆளில்லாமல் அடிக்கும் மணி, பெரிய மரத்தில் குடியிருக்கும் முனி, கிணற்றடியில் தலைவிரித்து நிற்கும் பெண். மத்தியான உச்சியிலும் செவ்வாய், வெள்ளி இரவுகளிலும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்ற எச்சரிக்கை கூடவே வரும். பொரித்த மீனோ இறைச்சியோ கொண்டுபோனால் கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைத்துக் கொடுப்பார்கள். பயந்து காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் திருநீறு போட்டு நூல் கட்டுவார்கள். வேதக்காரப் பாடசாலை என்பதால் இவை நின்றுவிடவில்லை. பகலில் பைபிள் படித்த பையன் இரவில் வைரவரை நினைத்துக்கொண்டுதான் படுத்தான்.

மிசியம்மாக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மிஷனரிக் குடும்பங்களின் சாவுகளை வரிசையாகப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. பூவரின் முதல் மனைவி சூசன் 1821இல் தெல்லிப்பழையில் இறந்தார். மறு ஆண்டு ஜேம்ஸ் றிச்சாட்ஸ் போனார். உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ 1833இல் போனார். பூவரே 1855இல் மானிப்பாயில் வாந்திபேதிக்குப் பலியானார், செமினரி மூடப்பட்ட அதே ஆண்டில். அதே நோய் ஊர்ச்சனங்களை வீடு வீடாக எடுத்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறைக் கல் கிடையாது. விறாந்தையில் நடப்பது யாராக இருந்தாலும், கதையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் இந்தப் பெயர்களில்தான் போய் நிற்போம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். கல்லறைக் கற்களில் உள்ள வயதுகளை அவர்களே வாசிக்கட்டும்.

சத்தங்களுக்கு விளக்கமும் கேட்பார்கள். காவோலை, அதாவது காய்ந்த பனையோலை, ஒன்றோடொன்று உரசும்போது யாரோ மூச்சிழுத்து நடப்பதுபோலவே இருக்கும். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் இருட்டில் தொப்பென்று விழும். அந்தப் பருவத்தில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். கூகையும் வௌவாலும் பழைய கூரைகளை விடுவதில்லை. வழுக்கையாறு கடலோடு சேரும் அராலிப் பக்கத்துச் சதுப்பு வெளிகளில் கொள்ளிவாய்ப் பேய் பார்த்தோம் என்று பெரியவர்கள் சொன்னால், சேற்றிலிருந்து கிளம்பும் வாயு எரிவதாக ஒரு விளக்கம் உண்டு என்று பின்னர் தனியாகச் சொல்லுங்கள். கதை சொல்லிக்கொண்டிருப்பவரை இடையில் மறிக்கவேண்டாம்.

நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது ஒன்று இருக்கிறது. போருக்கு முந்திய பேய்க்கதைகளும் பிந்தியவையும் ஒன்றல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. வட்டுக்கோட்டை மக்களும் அந்தக் கூட்டத்தில் நடந்தவர்கள். திரும்பி வந்தபோது வெறுமையாய்க் கிடந்த வீடுகளைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில், இன்றும் தேடப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேநீர்க் கடையிலோ ஓட்டோவிலோ முகம் தெரியாதவரிடம், “இங்கே பேய் இருக்கிறதாமே?” என்று தொடங்காதீர்கள். எதிரில் இருப்பவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயாக இருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பழைய கதை, அந்தக் காலத்துப் பாதிரிமார் கதை என்று கேளுங்கள். அவர் எதைச் சொல்ல விரும்புகிறாரோ அதைச் சொல்லட்டும். கூரையிழந்து செடி மண்டிய வீட்டைப் ‘பேய் வீடு’ என்று படம்பிடித்துப் போடும் வழக்கத்தையும் விடவேண்டும். அந்த வீட்டுக்காரர் உங்களோடு ஒரே விமானத்தில் வந்தவராக இருக்கலாம். திருத்தப் பணமில்லாமலோ, உள்ளே கால்வைக்க மனமில்லாமலோ விட்டிருப்பார்.

போகும் ஒழுங்கு இப்படி. இது நடந்துகொண்டிருக்கும் பாடசாலை. ஆகவே அதிபருக்கு முன்கூட்டியே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி அனுமதி பெறுங்கள். உங்கள் குடும்பத்தில் யார், எந்தக் காலத்தில் படித்தார் என்று எழுதினால் வரவேற்பே வேறாக இருக்கும். வெளிநாடுகளில் உள்ள பழைய மாணவர் சங்கக் கிளைகள் இதற்கு உதவும். பாடசாலை காலையில் தொடங்கிப் பிற்பகல் ஒன்றரையளவில் விடும். வகுப்புகள் முடிந்த பின் போவது உங்களுக்கும் பாடசாலைக்கும் வசதி. ஞாயிறு காலை வழிபாட்டுக்குப் போனால் பேராலயத்தை உள்ளே பார்க்கலாம், முதியவர்களையும் சந்திக்கலாம். முழங்கால் மறைக்கும் உடுப்பு நல்லது. மாணவர்களைப் படம் எடுக்காதீர்கள். காவலாளியின் கையில் காசை வைத்து இரவில் உள்ளே விடச் சொல்லவே கூடாது. அவருடைய வேலை போய்விடும். இருட்டில் அங்கே உண்மையாகப் பயப்பட வேண்டியது புடையன் பாம்புக்கும் கட்டில்லாத கிணறுகளுக்கும்தான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காரைநகர்ப் பக்கம் போகும் பஸ்களில் வட்டுக்கோட்டை வழியாகப் போவது எது என்று நடத்துநரிடம் கேட்டு ஏறுங்கள். முதியவர்கள் கூட வந்தால் ஓட்டோவோ வானோ பேசிக்கொள்வது நல்லது. காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முன்னரே விலை பேசுங்கள். மானிப்பாய் வழியாகப் போனால், டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த ஊரைப் பார்த்துக்கொண்டு போகலாம். சங்கானையில் முருகைக்கல்லால் கட்டிய பழைய தேவாலயத்தின் இடிபாடு இருக்கிறது. வட்டுக்கோட்டைத் தேவாலயம் மிஷனரிமாருக்குக் கிடைத்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே நின்றால் ஊகிக்க முடியும். தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் 1976 மே 14இல் நிறைவேறிய பண்ணாகமும் அருகேதான். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. தை, மாசி மாதங்களே நடந்து பார்க்க ஏற்றவை.

ஊர் திரும்பியதும், வீட்டில் கேட்ட கதையையும் அங்கே கேட்டதையும் சொன்னவரின் அனுமதியோடு, சொன்ன ஆண்டும் சேர்த்துத் தமிழில் எழுதுங்கள். ஒரு பிரதியைக் கல்லூரியின் டானியல் பூவர் நூலகத்துக்கு அனுப்புங்கள், இன்னொன்றை ‘நூலகம்’ தளத்துக்குக் கொடுங்கள். பிள்ளைகள் வரைந்த வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்தால், இடிந்துபோன கட்டிடங்கள் எங்கே நின்றன என்று தேடுகிறவர்களுக்கு அது உதவும்.