உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு: கோப்புகளும் அமைப்புகளும் கைவிட்டுப் போகாமல்

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 22.04 பதிப்புக்கு 2027 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். அதனால் 24.04-க்கு மேம்படுத்த அவசரம் எதுவும் இல்லை. நாளை காலை ஒரு வேலையை அனுப்பியாக வேண்டும் என்றால் இன்றிரவு இதைத் தொடாதீர்கள். ஒரு விடுமுறை நாளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

உங்களுடையது எங்கே இருக்கிறது?

படங்கள், ஆவணங்கள், பாடல்கள் எல்லாம் உங்கள் பெயரில் உள்ள ஹோம் கோப்புறையில் இருக்கின்றன. மேம்படுத்தும்போது மாறுவது அதற்கு வெளியே உள்ள சிஸ்டம் கோப்புகள்தான். ஆனால் பாதி வழியில் மின்சாரம் போகலாம், பழைய வட்டு பழுதாகலாம். காப்புப்பிரதி அதற்காகத்தான்.

ஹோம் கோப்புறையைத் திறந்து கன்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்திப் பாருங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு பல கோப்புறைகள் தெரியும். நிரல்களின் அமைப்புகள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பென் டிரைவில் இழுத்துப் போட்டால் இவை விட்டுப்போகும். ஃபயர்ஃபாக்ஸ் கதை வேறு. 22.04-இல் அது ஸ்னாப் என்ற மென்பொருள் பொதி வடிவில் வருவதால் புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் ஹோமில் உள்ள 'ஸ்னாப்' என்ற கோப்புறைக்குள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து, இது நமக்குத் தேவையில்லை என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

காப்புப்பிரதி எடுப்பது

உபுண்டுவில் 'பேக்கப்ஸ்' என்ற நிரல் இருக்கிறது. டெஜா டப் என்பதும் அதுவே. வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகி, அதைச் சேமிக்கும் இடமாகக் காட்டுங்கள். மறைந்த கோப்புகளையும் சேர்த்தே எடுத்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: 'டவுன்லோட்ஸ்' கோப்புறையை இது இயல்பாகவே தவிர்த்துவிடும். வங்கி அறிக்கை, மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் நம்மில் பலருக்கு அங்கேதான் கிடக்கும். தவிர்க்கும் பட்டியலில் இருந்து அதை நீக்குங்கள். கடவுச்சொல் வைத்தால் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். அது மறந்துபோனால் காப்புப்பிரதியைத் திறக்க வழியில்லை.

எடுத்து முடித்ததும் ஏதாவது ஒரு கோப்பை வேறு இடத்தில் மீட்டுத் திறந்து பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். திறந்து பார்க்காத காப்புப்பிரதியை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மேம்படுத்தல்

'சாஃப்ட்வேர் அப்டேட்டர்' நிரலைத் திறந்து, நிலுவையில் உள்ள புதுப்பிப்புகளை முடித்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். மறுபடி அதைத் திறந்தால் 24.04 கிடைக்கிறது என்று சொல்லும். சொல்லாவிட்டால் 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' நிரலின் அப்டேட்ஸ் பக்கத்தில், நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை அறிவிக்கும்படி தேர்ந்தெடுங்கள். இன்னும் 20.04 வைத்திருப்பவர்கள் நேராக 24.04-க்குத் தாவ முடியாது. முதலில் 22.04-க்கு வர வேண்டும்.

மடிக்கணினி என்றால் சார்ஜரை மாட்டிவிட்டு 'அப்கிரேடு' பொத்தானை அழுத்துங்கள். வட்டில் இடம் போதாவிட்டால் தொடங்கும் முன்பே சொல்லிவிடும். வெளியாரின் மென்பொருள் களஞ்சியங்களைத் தானே முடக்கி வைக்கும். பிறகு 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' நிரலின் 'அதர் சாஃப்ட்வேர்' பக்கத்தில் திரும்ப இயக்கிக்கொள்ளலாம்.

இடையில் சில சமயம், நீங்கள் மாற்றிய ஓர் அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்வதா, புதியதை இடுவதா என்று கேட்கும். அந்தக் கோப்பை நீங்களே திருத்தியது நினைவிருந்தால் 'கீப்' என்று கொடுங்கள். நினைவில்லை என்றால் 'ரீப்ளேஸ்' கொடுக்கலாம். இந்தக் கேள்வி சிஸ்டம் கோப்புகளைப் பற்றியது. ஹோமில் உள்ள எதையும் அது மாற்றாது.

திரை வெகுநேரம் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றினாலும் கணினியை அணைக்காதீர்கள். பயம் இருந்தால் விவரங்களைக் காட்டும் பகுதியைத் திறந்து பாருங்கள். உள்ளே எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும்.

மறுதொடக்கம் செய்த பிறகு

உபுண்டுவின் திரைமுகப்பான (டெஸ்க்டாப்) க்னோமில் 42 போய் 46 வந்திருக்கும். அதற்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களான பழைய எக்ஸ்டென்ஷன்கள் பல வேலை செய்யாது. எக்ஸ்டென்ஷன்களை எழுதும் முறையே 45-ஆம் பதிப்பில் மாறிவிட்டதுதான் காரணம். அவற்றுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடி நிறுவுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் ஒரு வரி தட்டிப் பாருங்கள். வராவிட்டால் அமைப்புகளில் கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழை மீண்டும் சேருங்கள். பிரின்டரில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள், ஃபயர்ஃபாக்ஸில் புக்மார்க்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். காப்புப்பிரதி உள்ள ஹார்டு டிஸ்க்கை இன்னும் ஒரு மாதத்துக்காவது அழிக்காமல் வைத்திருங்கள். விடுபட்டது எது என்பது வழக்கமான வேலைகளுக்குள் இறங்கிய பிறகுதான் தெரியவரும்.