ஞாயிற்றுக்கிழமைக் கேமராவுக்கு வருமானம்: பட்டுப்புடவையையும் பித்தளை விளக்கையும் படமெடுத்துக் கொடுப்பது எப்படி

பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுப்பவர்கள் கூடிப் பேசும்போது, "இதில் காசு வருமா?" என்ற கேள்வி எழுந்தால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தாம் சொல்லப்படும். ஒன்று திருமணங்களுக்குப் படமெடுப்பது. மற்றொன்று, எடுத்த படங்களை இணைய விற்பனைத் தளங்களில் ஏற்றிவிட்டுக் காத்திருப்பது. முதலாவதற்கு ஆள் பலமும் மாற்றுக் கருவியும் முன்னனுபவமும் வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும், அதுவும் அளவு கடந்த பொறுமை. வாரம் முழுவதும் வேறொரு வேலை பார்த்துக்கொண்டு, கையில் ஒரு நடுத்தரக் கேமராவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் வைத்திருப்பவருக்கு நான் சொல்லும் வழி வேறு: தம் ஊரில் பொருள் செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் அந்தப் பொருள்களைப் படமெடுத்துக் கொடுப்பது. தொழிலில் இதை 'ப்ராடக்ட் ஷூட்' என்பார்கள். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் இருப்பவருக்குப் பட்டுப்புடவை, நாச்சியார்கோவில் பக்கம் இருப்பவருக்குக் குத்துவிளக்கு, காரைக்குடிப் பக்கம் இருப்பவருக்கு ஆத்தங்குடித் தரை ஓடு என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் படம் தேவைப்படும் பொருள் ஒன்றாவது இருக்கும்.

வேடந்தாங்கலில் எடுத்த நாரைப் படத்தை எல்லோரும் பாராட்டுவார்கள்; ஆனால் அந்தப் படம் இல்லாவிட்டால் யாருடைய வேலையும் நின்றுவிடாது. புடவை விற்பவருக்கோ, வெள்ளிக்கிழமைக்குள் இருபது புடவைகளின் படங்கள் கைக்கு வராவிட்டால் அவற்றை இணையத்தில் விற்பனைக்கு வைக்கவே இயலாது. பணம் தருகிறவர் அவர்தான். தவிர, புடவையும் விளக்கும் அசைவதில்லை, அவசரப்படுத்துவதில்லை, படம் சரியாக வரவில்லை என்றால் மறுபடியும் எடுக்கலாம். தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்லி யாரும் படமெடுக்க முடியாது.

வெளிச்சம்

தொடக்கத்தில் ஃபிளாஷ் விளக்குகள் தேவையில்லை; ஒரு பெரிய சன்னல் போதும். வடக்குப் பார்த்த சன்னலில் நேர்வெயில் படாது, ஆண்டு முழுவதும் மென்மையான வெளிச்சம் கிடைக்கும் என்று ஐரோப்பிய, அமெரிக்கப் பாடநூல்கள் சொல்கின்றன. அந்த நாடுகளுக்கு அது சரி. தமிழ்நாட்டில் சித்திரைப் பிற்பாதியிலிருந்து ஆடி முடியும்வரை உச்சிவெயிலே நம் தலைக்கு வடக்கே சாய்ந்துதான் விழுகிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் உள்ளே வரும். ஆகவே திசையை நம்பாமல், நைந்த வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்றை ஒற்றையாகச் சன்னலில் கட்டிவிடுவது நல்லது. வெயில் அதில் பட்டுப் பரவி, சன்னல் முழுவதுமே ஒரே விளக்காக மாறிவிடும். பொருளுக்கு மறுபக்கம் நிழல் கனமாக விழுந்தால் அங்கே ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தலாம். அதை ஒரு சாண் நகர்த்தினாலே நிழலின் அடர்த்தி மாறுவதைக் கண்ணால் காணலாம்.

அறையிலுள்ள குழல்விளக்கையும் எல்இடி விளக்கையும் அணைத்துவிட வேண்டும். சன்னல் வெளிச்சத்தின் நிறம் வேறு, அவற்றின் நிறம் வேறு. இரண்டும் கலந்தால் புடவையின் ஒரு பாதி நீலம் பாய்ந்தும் மறுபாதி பச்சை பாய்ந்தும் நிற்கும், பிறகு எந்த மென்பொருளிலும் அதை முழுமையாகச் சரிசெய்ய இயலாது. வேறு வழியின்றி அந்த விளக்குகளிலேயே எடுக்க நேர்ந்தால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன என்பதை நினைவில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். மண்டபங்களில் எடுக்கும்போதும் இது உதவும்.

கேமராவை முக்காலியில் பொருத்தியபின் அமைப்புகள் எளியவை: ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, லென்ஸின் துளை எஃப்/8, ஷட்டர் எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு. அரை நொடி ஆனாலும் பொருள் நகரப்போவதில்லை. விரல் பட்டுக் கேமரா அதிராமலிருக்க இரண்டு நொடி டைமரை வைத்துக்கொள்ளலாம். எல்லாம் கூர்மையாக வரட்டும் என்று துளையை எஃப்/16-க்கு மேல் சுருக்கினால், ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே சற்று மழுங்கும். கோப்புகளை ஜேபெக்கில் மட்டுமின்றி, சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ராவிலும் பதிவு செய்ய வேண்டும். நிறத்தைப் பின்னால் திருத்த அதில்தான் இடம் இருக்கிறது.

பட்டுப்புடவை

புடவைப் படத்தில் அழகைவிட நிறம் முக்கியம். படத்தில் மாம்பழ மஞ்சளாக இருந்தது பெட்டியைப் பிரித்தால் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால், புடவை திரும்பி வரும். அதோடு உங்களுக்கான அடுத்த வேலையும் போகும். எனவே ஒவ்வொரு முறை வெளிச்சம் மாறும்போதும் முதல் படத்தில் புடவையோடு, எந்த நிறமும் கலவாத ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்து, படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமிலோ இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளிலோ அந்த அட்டையைத் தொட்டு வொயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறச்சாய்வை, சரிசெய்து, அதே அளவை மற்றப் படங்களுக்கும் பொருத்த வேண்டும். திருத்தி முடித்த படத்தை, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமித்து, வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு கைப்பேசிகளில் புடவையை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். வாங்குபவர் பார்க்கப்போவது கைப்பேசியில்தானே.

அரக்கு, குங்குமச் சிவப்பு, ராணி இளஞ்சிவப்பு ஆகிய நிறங்கள் தனித் தொல்லை. கேமராவின் பொது ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள் முதல் வெளிச்சம் வரையிலான பரவலைக் காட்டும் வரைபடம்) எல்லாம் ஒழுங்காக இருப்பதாகக் காட்டும். ஆனால் சிவப்பு மட்டும் எல்லையைத் தாண்டிப்போய், மடிப்பும் புட்டாவும் தெரியாத ஒரே சிவப்புத் திட்டாகப் புடவை பதிவாகியிருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு, சிவப்பின் வலது முனை சுவரில் முட்டாதபடி வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுத்தால் நெசவு மறுபடியும் தெரியும். மயில்கழுத்துப் புடவைக்கு வேறு வைத்தியம்: நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம் என்பதால் பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமாகவும் பச்சையாகவும் அது மாறும். ஒரே படத்தில் அதைச் சொல்ல முடியாது. ஒரு மடிப்பைத் தூக்கி வைத்து எடுத்த இரண்டாவது படம் கட்டாயம் வேண்டும்.

ஜரிகை எதிரே நின்று அடிக்கும் வெளிச்சத்தில் வெளுத்துப் போகும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, துணியைத் தடவிக்கொண்டு போவதுபோல் தாழ்வாக வர வேண்டும். அப்போதுதான் ஜரிகையும் ஒளிரும், இழையின் மேடுபள்ளமும் தெரியும். நெருங்கி எடுக்கும்போது சில சமயம் துணியில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் தோன்றும். நெசவின் கட்டமும் சென்சாரின் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் வரும் கோளாறு அது. கேமராவை ஓரடி முன்னோ பின்னோ நகர்த்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஒரு புடவைக்கு முழுத்தோற்றம், முந்தானை, உடல், கரை, ரவிக்கைத் துணி என ஐந்து படங்கள் வழக்கமாகக் கேட்பார்கள். கோர்வைப் புடவை என்றால் ஆறாவதாக ஒன்றை நீங்களே எடுத்துக் கொடுங்கள்: கரையும் உடலும் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட அந்த மேடுபள்ளமான இணைப்பு, நெருக்கத்தில். விவரம் தெரிந்து வாங்குபவர்கள் முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான். நெசவாளரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியும் இடமும் அதுவே.

குத்துவிளக்கு

பித்தளை, அறையை முழுவதும் தனக்குள் வாங்கிக் காட்டும். விளக்கின் தண்டிலும் வயிற்றிலும் சன்னலும் மின்விசிறியும் கேமராவின் பின்னால் நிற்கும் நீங்களும் வளைந்து தெரிவீர்கள். தண்ணீரிலும் கண்ணாடியிலும் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி உலோகத்தில் ஏறக்குறைய பயன்படாது என்பதால், அதை வாங்குவதற்கு முன் யோசிக்கவும். பிரதிபலிப்பை ஒழிக்க முடியாது; எது பிரதிபலிக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். விளக்கின் இரு பக்கமும் மேலேயும் வெள்ளைத் துணியையோ சார்ட் அட்டையையோ கூடாரம்போல் நிறுத்தி, முன்பக்கத் துணியில் ஒரு பிளவு விட்டு அதன் வழியே எடுக்க வேண்டும். முடிந்த அளவு பின்னால் நகர்ந்து 85 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸைப் பயன்படுத்தினால், நம் உருவமும் சிறுத்துவிடும், விளக்கின் அடிப்பாகமும் விகாரமாகப் பெருக்காது.

முழு வெள்ளையில் எடுத்தால் விளக்கு தட்டையாகத் தெரியும். படச்சட்டத்துக்குச் சற்று வெளியே, இரு பக்கமும் இரண்டு அங்குல அகலத்தில் கறுப்பு அட்டைப் பட்டைகளை நிறுத்துங்கள். பித்தளையின் விளிம்பில் மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடும். உருட்சி உடனே எழுந்து நிற்கும். இதைச் செய்து காட்டியபின் விளக்குக்காரர் விலை பேசும் தொனியே மாறிவிடும்.

எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய சில்லறைக் காரியங்கள் உண்டு. பாகங்களைத் திருகிப் பொருத்திய விளக்கு என்றால், ஐந்து முகங்களில் ஒன்று கேமராவை நேராகப் பார்க்கும்படியும், உச்சியிலுள்ள அன்னம் கோணாமலும் திருகிக்கொள்ள வேண்டும். துலக்கிய பொடி செதுக்கல் வேலைப்பாட்டின் இடுக்குகளில் வெள்ளையாகத் தங்கியிருக்கும். அதை மென்மையான தூரிகையால் எடுத்துவிட வேண்டும். துடைத்தபின் பருத்திக் கையுறையின்றித் தொடக் கூடாது, ஏனெனில் கைரேகையை மென்பொருளில் அழிப்பதைவிடக் கொடிய வேலை வேறில்லை.

அமேசான் போன்ற அங்காடியில் ஏற்றுவதற்கான முதன்மைப் படம் என்றால் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் சட்டத்தில் சுமார் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமானால் நீள்பக்கம் குறைந்தது 1000 பிக்சல் இருக்க வேண்டும். இந்த அளவுகளைக் கேட்காமலே சொல்லத் தெரிந்திருப்பது வாடிக்கையாளரிடம் நம்பிக்கையை வளர்க்கும்.

விலையும் உரிமையும்

நாள் கூலியாகப் பேசாமல் பொருளுக்கு இவ்வளவு, இத்தனை படங்கள் என்று பேசுவதே நல்லது. கணக்கு இப்படிப் போகட்டும்: 60,000 ரூபாய்க் கேமரா மூன்றாண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 20,000 தேய்மானம், ஆண்டுக்கு நாற்பது வேலை செய்தால் ஒரு வேலைக்கு 500 ரூபாய் கேமராவுக்கே போய்விடுகிறது. இதற்குமேல் போக்குவரத்து, எடுக்கும் நேரம், எடுத்த நேரத்துக்குக் குறையாத திருத்தும் நேரம் ஆகியவற்றைக் கூட்டிய பிறகே வாயைத் திறக்க வேண்டும். 'பேருக்காக' இலவசமாக எடுத்துக் கொடுக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை; அதையே தொழிலாகக் கொண்ட ஸ்டுடியோக்காரரின் வயிற்றில் அது அடிக்கிறது, உங்கள் அடுத்த விலையையும் அதுதான் தீர்மானிக்கும். மாதிரி தேவையென்றால் ஒரே ஒரு பொருளை எடுத்து, அளவு குறைத்த படமாகக் காட்டுங்கள். பாதித் தொகை முன்பணம், மீதி வந்தபின் முழுஅளவுக் கோப்புகள். வாட்ஸாப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பாடுபட்டுப் பிடித்த ஜரிகை இழையெல்லாம் சுருக்கத்தில் கரைந்துவிடும்.

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவரே. எடுத்தவன் நான்தானே என்று பின்னால் வாதிடுவதில் பயனில்லை. படத்தை உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்ட வேண்டும், அல்லது உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், வேலை தொடங்குமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வரும் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்து வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அரசு ஊழியர்கள் தங்கள் நடத்தை விதிகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

மற்ற இரண்டு வழிகள்

இணைய விற்பனைத் தளங்களை அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. அடோபி ஸ்டாக் தளம் புகைப்படங்களுக்கு விற்பனைத் தொகையில் 33 விழுக்காடு தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 முதல் 15 தொடங்கி 40 விழுக்காடு வரை படிநிலை வைத்து, ஒவ்வொரு சனவரியிலும் எல்லோரையும் முதற்படிக்கே இறக்கிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு சூரிய அத்தமனத்தை நொடியில் வரைந்து தரும் இக்காலத்தில், அங்கே எடுபடக்கூடியவை குறிப்பிட்ட இடத்தையும் தொழிலையும் காட்டும் படங்கள்தாம்: தறியில் அமர்ந்த நெசவாளர், வார்ப்பு அச்சை உடைக்கும் விளக்குப் பட்டறை. முகம் தெரிந்தால், விளம்பரப் பயன்பாட்டுக்கு அவரிடம் கையொப்பமிட்ட இசைவுப் படிவம் வேண்டும். விழாக்களில் தொடங்க விரும்புவோர் காதுகுத்தும் வளைகாப்பும் பழகியபின், ஏற்கெனவே தொழிலில் இருப்பவருக்கு இரண்டாம் கேமராவாகத் திருமணத்துக்குப் போகலாம்.

முதல் வருமானத்தில் புதிய லென்ஸ் வாங்கும் ஆசை வரும். அதற்கு முன் உறுதியான முக்காலியும் இரண்டு ஹார்ட் டிஸ்குகளும் வாங்குங்கள். எல்லாக் கோப்புகளையும் இரண்டிலும் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். கோப்பின் பெயரில் கடை, பொருள் எண், மாதம் மூன்றும் இருக்கட்டும். தை மாதத்தில் எடுத்த புடவையின் படத்தை ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்காக அதே கடைக்காரர் இரவு பத்து மணிக்குக் கேட்பார். படத்தைத் தேடி அளவு மாற்றிக் கொடுக்க என்ன கட்டணம் என்பதை முதல் விலைப்பட்டியலிலேயே ஒரு வரியாகச் சேர்த்திருந்தால், அந்த நேரத்தில் பேரம் பேச வேண்டியிருக்காது.