தாவர நூல்களைப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நிலப்பகுதியின் செடிகளை விவரிக்கும் தாவரவள நூல்களைப் புரட்டும் இளம் மாணவர்கள், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில் இடறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். பூவில்லாத கிளையைக் கொண்டுவருவது போன்றவற்றை ஒரு முறை சொன்னாலே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய நூலின் பெயரை அப்படியே எடுத்தாள்வது

1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த, ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரவள நூல் இன்றும் நமக்குத் தேவை. அதிலுள்ள பெயர் பழையதாக இருந்தால் இணையப் பட்டியலில் தேடிப் புதுப்பெயரை எழுதிவிட்டால் போதும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். காசியா ஆரிகுலேட்டா என்றிருந்த ஆவாரை, சென்னா ஆரிகுலேட்டா ஆனது போன்ற மாற்றங்களுக்கு அது போதும். கீழாநெல்லிக்கு அறவே போதாது.

கீழாநெல்லியை ஹூக்கர் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று விவரித்ததில், ஃபில்லாந்தஸ் பேரினத்தின் அமாரஸ், ஃபிராட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்கள் கலந்திருந்தன. உண்மையான நிரூரியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. அது தன்னளவில் செல்லுபடியாகும் பெயர் என்பதால், பட்டியலில் தேடுபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. சரிபார்த்துவிட்டோம் என்ற நிம்மதிதான் கிடைக்கும். இந்தக் கலப்பை இந்தியத் தாவரவியலாளர்கள் 1985-இலேயே எழுதித் தெளிவுபடுத்திய பின்னும் நிரூரி என்ற பெயரிட்ட ஆய்வேடுகள் வந்துகொண்டிருப்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

ஒரு முறை ஓர் ஆய்வு மாணவர், வேதியியல் பகுப்பாய்வு முழுவதையும் முடித்துவிட்டு, பெயரை உறுதிசெய்ய மட்டும் வந்தார். வெவ்வேறு வயல்களிலிருந்து பறித்த செடிகளை ஒன்றாக உலர்த்திப் பொடித்துவிட்டிருந்தார்; பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் சான்று மாதிரியாக ஒரு செடியைக்கூட அழுத்தி வைக்கவில்லை. அந்த வயல்களுக்கே போய்ப் பார்த்தபோது, ஐந்து பூவிதழ் கொண்ட அமாரஸும் ஆறு பூவிதழ் கொண்ட ஃபிராட்டர்னஸும் அருகருகே வளர்ந்திருந்தன. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பூவைத் திருப்பிப் பிடித்து எண்ணினால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கக்கூடிய இந்த வேறுபாட்டைப் பொடியில் தேட வழியில்லை. எந்த அளவீடு எந்த இனத்துக்குரியது என்று சொல்ல முடியாததால் அந்த முடிவுகள் அனைத்தும் பயனற்றுப்போயின. பழைய நூலின் விவரிப்பைப் படியுங்கள். பெயரை மட்டும் அச்செடியின் பேரினத்தைப் (நெருங்கிய இனங்களின் தொகுதியைப்) பற்றிய பிற்கால ஆய்விலிருந்து எடுங்கள்.

தமிழ்ப் பெயரை வைத்துப் பின்னட்டவணையில் தேடுவது

ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிக்கும்.

திறவுகோலில் முதற்கூற்றோடு நின்றுவிடுவது

செடியை இனங்காண, எதிரெதிரான கூற்றுகளை இணையிணையாக அடுக்கித் தருவதே திறவுகோல்; ஒவ்வோர் இணையின் இரண்டு கூற்றுகளையும் முழுமையாகப் படித்த பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

குடும்ப வரிசையைக் கவனியாமை

கேம்பிள் தொடங்கி ஃபிஷர் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவர நூல் (1915–1936) செடிகளைக் குடும்பங்களாகப் பிரிக்கும் பழைய பெந்தம்–ஹூக்கர் வகைப்பாட்டைத் தழுவியது. இன்று லேமியேசி குடும்பத்தில் வைக்கப்படும் தேக்கையும் நொச்சியையும் அதில் வெர்பினேசியிலும், அபோசைனேசியில் சேர்ந்துவிட்ட எருக்கை அஸ்கிளெபியடேசியிலும் தேட வேண்டும்.