ஒரே இயந்திரத்தில் பல தையல் வேலைகள்: இலையுதிர் காலத்துக்கான செய்முறை

இலையுதிர் காலம் தொடங்கியதும் தையல் வேலைகள் கூட்டமாகவே வந்து சேர்கின்றன. குளிர் முற்றுவதற்குள் முடிக்க வேண்டிய குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் போர்வை), கதகதப்பான ஃபிளானல் துணியில் தைக்க வேண்டிய சட்டை, பெட்டியிலிருந்து எடுத்த பழைய குளிராடைகளின் கிழிசல்கள், பரிசாகக் கொடுக்க நினைத்த பை என எல்லாம் ஒரே மேசையில் குவிகின்றன. ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவது என்று உறுதி எடுப்பவர்கள்கூட, குவில்ட் பாதியில் அலுப்பூட்டும்போது இன்னொன்றைத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் நூல், ஊசி, ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்), தையல் நீளம் ஆகிய அனைத்தும் மாறுவதால், தைப்பதற்கென ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதி இயந்திரத்தைச் சரிப்படுத்துவதிலேயே கரைந்துபோகிறது. ஆகவே வேலைகளை அவற்றின் பெயரால் வரிசைப்படுத்தாமல், அவை கேட்கும் இயந்திர அமைப்பால் வரிசைப்படுத்த வேண்டும் என்பதே நான் பின்பற்றும் முறை.

இந்த விளக்கம் நேர்த்தையல் போடவும் பாபின் சுற்றவும் தெரிந்தவர்களுக்கானது. அவற்றை இங்கே மீண்டும் சொல்லப் போவதில்லை.

படி 1: நடப்பு வேலைகளை மூன்றாகக் குறைத்தல்

ஒரு பெரிய வேலை, ஒரு நடுத்தர வேலை, ஒரு கைத்தையல் வேலை என்று மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றைத் துணியோடு கட்டி அலமாரியில் வைத்துவிடுங்கள். மூன்றும் வெவ்வேறு கட்டத்தில் இருப்பது முக்கியம். இரண்டு குவில்ட்கள் ஒரே நேரத்தில் அடுக்கும் கட்டத்துக்கு வந்தால் இரண்டுக்கும் தரையில் இடம் வேண்டும். ஒன்று வெட்டும் கட்டத்திலும் மற்றொன்று ஓரப்பட்டி (விளிம்பைச் சுற்றி மூடும் பட்டை) தைக்கும் கட்டத்திலும் இருந்தால் அவை ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

படி 2: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி, ஒரு சீட்டு

ஆழமில்லாத, மூடியுள்ள அகலமான பெட்டிகளையே நான் விரும்புகிறேன். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளில், குவில்ட்டுக்காகத் தைத்த சதுரக் கட்டங்கள் மடிந்து கசங்கும். மீண்டும் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இஸ்திரி போட வேண்டியிருக்கும். பன்னிரண்டரை அங்குலக் கட்டம் மடியாமல் படுக்கும் அளவுள்ள பெட்டி போதுமானது.

பெட்டியின் உள்ளே ஒரு தாள் சீட்டு இருக்க வேண்டும். கைப்பேசியில் எழுதி வைப்பதைவிடத் தாளே நல்லது, ஏனெனில் துணி எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். அதில் நூலின் நிறம், ஊசியின் எண், தையல் நீளம், ஊசி நிற்கும் இடம், வெட்டுவதற்குப் பயன்படுத்திய அளவுகோல், அடுத்துச் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல் ஆகியவற்றை எழுதுங்கள். அளவுகோலை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இரண்டு நிறுவனங்களின் அளவுகோல்களில் கோடுகளின் தடிமன் வேறுபடுவதால், பாதித் துண்டுகளை ஒன்றாலும் மீதியை மற்றொன்றாலும் வெட்டினால் மயிரிழை வித்தியாசம் வரும். அடுத்த செயலை எழுதும்போது, ‘தொடரவும்’ என்று பொதுவாக எழுதாமல், ‘நான்காம் வரிசையை ஐந்தாம் வரிசையோடு இணைக்கவும், மடிப்பு இடப்பக்கம்’ என்று எழுதுங்கள்.

கார்டுராய், வெல்வெட் போன்ற துணிகளை வெட்டி நிறுத்தி வைப்பதாக இருந்தால், ஒவ்வொரு துண்டின் உட்புறத்திலும் இழைமயிர் படியும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். வெட்டிய அன்று திசை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். மூன்று வாரம் கழித்து, மங்கிய வெளிச்சத்தில், சட்டையின் ஒரு கை மட்டும் வேறு நிறமாகத் தெரியும்போதுதான் அதன் அவசியம் புரியும்.

படி 3: நாட்களை அமைப்பு வாரியாகப் பிரித்தல்

துண்டுத் துணிகளை இணைப்பதற்கு 80/12 ஊசி, 50 எண் பருத்தி நூல், 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தையல் நீளம் ஆகியவை பொருந்தும். மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது 90/14 குவில்டிங் ஊசியும், அடுக்குகளை மேலும் கீழும் ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டும், 3 மில்லிமீட்டர் அளவிலான தையலும் வேண்டும். ஜீன்ஸ் கால்களின் கீழ்மடிப்புக்கு 100/16 ஊசி. பின்னலாடைகளுக்கு நுனி உருண்ட பால்பாயின்ட் ஊசி. இவற்றுள் எந்த அமைப்பு இன்று இயந்திரத்தில் இருக்கிறதோ, அதற்குப் பொருந்தும் எல்லாத் தையல்களையும், அவை எந்தப் பெட்டியைச் சேர்ந்தவையாக இருந்தாலும், இன்றே தைத்து முடியுங்கள். குவில்ட்டின் கட்டங்களையும், பருத்திச் சட்டையின் தோள் தையலையும், தலையணை உறையின் ஓரத்தையும் ஒரே ஊசியும் ஒரே நூலும் தாங்கும்.

இதற்கு உதவுவது சாம்பல் நிற நூல். துண்டு இணைப்புக்கு நிறத்துக்கு நிறம் நூல் மாற்றுவது தேவையில்லாத உழைப்பு. நடுத்தரச் சாம்பல் நிறம் இளம் துணியிலும் அடர் துணியிலும் கண்ணை உறுத்தாது. பெரிய கூம்பு ஒன்றும், முன்பே சுற்றி வைத்த நான்கைந்து பாபின்களும் இருந்தால் பருவம் முழுவதும் ஓடும்.

படி 4: கால் அங்குலத்தை மீட்டெடுத்தல்

மற்ற படிகளில் சிறிது தவறினாலும் சமாளிக்கலாம். இதில் தவறினால் மேல்துணி முழுவதும் கோணிவிடும். குவில்ட் கட்டங்கள் கால் அங்குலத் தையல் ஓரத்தை (தையலுக்கும் துணியின் விளிம்புக்கும் இடையே விடும் இடத்தை) நம்பியே கணக்கிடப்படுகின்றன. நடுவில் ஒரு சட்டை தைப்பதற்காக ஃபுட்டைக் கழற்றுகிறோம், ஊசியின் இடத்தை நகர்த்துகிறோம். பிறகு குவில்ட்டுக்குத் திரும்பும்போது முன்பிருந்த அதே கால் அங்குலம் தானாகத் திரும்பி வருவதில்லை. ஒரு தையலில் ஓரம் 1 மில்லிமீட்டர் கூடினால், இரண்டு துண்டுகளிலிருந்தும் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைகிறது. எட்டுத் துண்டுகள் கொண்ட வரிசையில் ஏழு தையல்கள்; ஆக மொத்தம் 14 மில்லிமீட்டர். சென்ற மாதம் தைத்த வரிசையோடு இன்று தைத்த வரிசை சேராமல் போவதற்கு இதுவே காரணம். இழுத்துப் பிடித்துக் குண்டூசி குத்தினால் அப்போதைக்குச் சேர்ந்ததுபோல் தெரியும், ஆனால் குவில்ட்டின் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும்.

ஆகவே, அமைப்பு மாறிய ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு சோதனைத் தையல் போட வேண்டும். அதே குவில்ட்டின் மீதித் துணியில் ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை வெட்டி, நீளவாக்கில் ஒன்றோடொன்று இணைத்து, மடிப்புகளை ஒரு பக்கமாக இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டையின் அகலம் சரியாக ஒரு அங்குலமும், மொத்த அகலம் மூன்றரை அங்குலமும் இருக்க வேண்டும். நடுப்பட்டை குறைவாக இருந்தால் ஓரம் அதிகமாகப் போகிறது. ஊசியைச் சற்று வலப்பக்கம் நகர்த்துங்கள். கூடுதலாக இருந்தால் இடப்பக்கம். கோட்டில் சரியாகக் கால் அங்குலம் வைத்துத் தைத்தும் பட்டை குறைவாக வருகிறதே என்று கலங்க வேண்டாம்: துணி மடியும் இடத்தில் ஓரிரு இழைகளின் அகலம் மடிப்புக்குள் போய்விடுகிறது. அதனால்தான் கால் அங்குலத்தைவிட ஓரிழை குறைவாகத் தைக்கச் சொல்கிறார்கள்.

சரியான இடம் கிடைத்ததும், ஊசித் தட்டின் மேல் ஃபுட்டுக்கு வலப்புறமாக, பாபின் மூடியை மறைக்காமல், தடித்த ஒட்டுநாடாவைச் சுவர்போல ஒட்டிவிடுங்கள். ஊசி இடத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும் இயந்திரமாக இருந்தால் அந்த எண்ணையும் சீட்டில் எழுதுங்கள். சோதனைப் பட்டையை எறிந்துவிடாமல் அதே பெட்டியில் போட்டு வைத்தால், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூடப் பிடிக்காது. கோணிய வரிசைகளைப் பிரிப்பதற்கு ஒரு மாலை முழுவதும் போகும்.

படி 5: ஒரு வேலைக்குள் இன்னொரு வேலை

தையலின் தொடக்கத்தில் இயந்திரம் துணியின் முனையை உள்ளே இழுத்துச் சிக்க வைக்காமல் இருக்க, ஒரு கழிவுத் துணியில் தொடங்கி அதன்பின் வேலைத் துணிக்குள் செல்வது வழக்கம். அந்தக் கழிவுத் துணிக்குப் பதிலாக, ஒரே அளவில் வெட்டிய இரண்டு சிறு சதுரங்களைத் தைத்துத் தொடங்குங்கள். வரிசை முடியும் இடத்திலும் இன்னொரு சோடியைத் தைத்து ஊசியின் கீழேயே விட்டுவிட்டு, முன்னால் உள்ளவற்றை மட்டும் வெட்டி எடுங்கள். நூல் வீணாவது குறைவதோடு, இரண்டாவது குவில்ட்டின் சதுரங்கள் தனி நேரம் ஒதுக்காமலேயே சேர்ந்துகொண்டு வரும். இரண்டரை அங்குலச் சதுரங்களே இதற்கு மிக ஏற்றவை என்பது என் கருத்து. முக்கோணங்களைக் கொண்டு இதைச் செய்யாதீர்கள். அவற்றின் சாய்வு ஓரம் இழுபடும் தன்மையுடையதால் முழுக் கவனம் கேட்கும்.

படி 6: வெளிச்சத்தைப் பங்கிடுதல்

இலையுதிர் காலத்தில் பகல் நாளுக்கு நாள் குறுகுகிறது. ஆகவே பகல் வெளிச்சத்தை மூன்று வேலைகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள்: நிறங்களைத் தேர்ந்தெடுப்பது, வெட்டுவது, கருந்துணியில் கருநூலைப் பிரிப்பது. மஞ்சள் விளக்கின் கீழ் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகவே தெரியும். இஸ்திரி போடுவதையும் வரிசையாகத் தைத்துக்கொண்டே போவதையும் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஓரப்பட்டியின் பின்புறத்தைக் கையால் தைப்பது குளிர்ந்த இரவுகளுக்கு மிகவும் உகந்தது, ஏனெனில் குவில்ட்டின் பெரும்பகுதி அப்போது மடியிலேயே கிடக்கிறது. மேசை விளக்கைத் தைக்கும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். இல்லையென்றால் கையின் நிழல் தையலின் மேல் விழும்.

படி 7: அடுக்குவதைத் தள்ளிப்போடுதல்

அடித்துணி, பஞ்சு விரிப்பு, மேல்துணி ஆகிய மூன்றையும் அடுக்கி ஊக்குகள் குத்திய பிறகு அந்த வேலையை நிறுத்தி வைக்கக்கூடாது. ஈரக்காற்றில் ஊக்குகள் துருப்பிடித்துத் துணியில் கறையாகப் படியும். மடித்து வைத்தால் அடுக்குகள் நகர்ந்து அடித்துணியில் சுருக்கம் விழும். ஆகவே தொடர்ந்து சில நாட்கள் தைக்க முடியும் என்று உறுதியாகும் வரை மேல்துணியைத் தனியாகவே உருட்டி வையுங்கள். காத்திருக்கும் காலத்தில் அடித்துணியை நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக வெட்டித் தயார் செய்யலாம். ஓரப்பட்டியையும் வெட்டி, இணைத்து, இஸ்திரி போட்டுச் சுற்றி வைக்கலாம். 60க்கு 72 அங்குலக் குவில்ட்டின் சுற்றளவு 264 அங்குலம். மூலைகளுக்கும் பட்டியின் இரு முனைகளைச் சேர்ப்பதற்கும் 12 அங்குலம் கூட்டினால் 276. பயன்படும் அகலம் 42 அங்குலமாக உள்ள துணியில் இரண்டரை அங்குலப் பட்டைகள் ஏழு வெட்டினால், சாய்வாக இணைப்பதில் போவது போக இது கிடைத்துவிடும்.

அடுக்கும் நாளில் ஊக்குகளை ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகக் குத்துங்கள். தையல் கோடுகளுக்கிடையே எவ்வளவு தூரம் விடலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். உறையைக் கிழித்து எறிவதற்குமுன் அந்த எண்ணைச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னர் சேர்த்தது: வாசகர்கள் எழுப்பிய கேள்விகள்

குறியிடும் பேனாக்களைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். நிறுத்தி வைக்கும் வேலைகளில் இது முக்கியமானது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். காற்றில் மறையும் ஊதா மை ஓரிரு நாட்களுக்குமேல் நிற்காது. அன்றே தைத்து முடிக்கும் கோடுகளுக்கு மட்டுமே அது பயன்படும். தண்ணீரில் போகும் நீல மை நீண்ட நாள் நிற்கும், ஆனால் அதன்மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆகவே சீட்டில் ‘நீல மை, இஸ்திரி வேண்டாம்’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். சூட்டில் மறையும் மை, உறைநிலைக்கு வெகுவாகக் கீழே சென்றால் மீண்டும் தோன்றும். கடுங்குளிர் உள்ள ஊருக்கு அனுப்பும் குவில்ட்டில் அதைப் பயன்படுத்தாதீர்கள். நான் தையற்காரர்களின் சாக்கையே விரும்புகிறேன். அது சீக்கிரம் அழியும் என்பது உண்மை, ஆனால் திரும்ப வரைவது எளிது.

பாதி தேய்ந்த ஊசிகளை எப்படி அடையாளம் காண்பது என்பது இன்னொரு கேள்வி. குண்டூசி மெத்தையைப் பேனாவால் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் ஊசி எண்ணை எழுதி, கழற்றிய ஊசியை அந்தந்தப் பிரிவில் குத்தி வையுங்கள். மொத்தமாக எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிடுவது நல்லது.

ஃபிளானல் துணியை அடித்துணியாக வைப்பவர்கள், அதை முதலில் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும், ஏனெனில் அது சாதாரணப் பருத்தியைவிட அதிகமாகச் சுருங்கும். அதன் பஞ்சுத்தூசும் அதிகம். ஃபிளானல் தைக்கும் நாட்களில் ஒவ்வொரு பாபின் தீரும்போதும் ஊசித் தட்டைக் கழற்றி, சிறு தூரிகையால் தூசை வெளியே எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், தூசு இன்னும் உள்ளே போய் எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும்.