மருந்துச் சீட்டு இல்லாமல் தோல் மருந்து வாங்கும்போது

வெளிநாட்டில் இருக்கும்போது தோல் அரித்தால், ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த 'எல்லாவற்றுக்கும் ஒன்று' களிம்பை எடுத்துத் தடவ வேண்டாம். இத்தகைய கலவைகள் பலவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு (அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து) இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடும். ஆனால் வந்தது படர்தாமரை என்றால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். வட்டத்தின் விளிம்பு மங்கிப்போய், பிறகு மருத்துவருக்கே இனம் காண்பது சிரமம். பல நாடுகளில் இவற்றைச் சீட்டில்லாமல் தராததில் நியாயம் உண்டு.

படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் 1% கிரீம் போதும். தினமும் 2 அல்லது 3 முறை, தடிப்பைத் தாண்டி 2 செ.மீ. வரை மெல்லியதாகப் பூசி, 4 வாரம் தொடருங்கள். பத்தாம் நாளே தோல் தெளிந்துவிட்டது என்று நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. துண்டு தனியாக இருக்கட்டும்.

குளிர்காலத்தில் கெண்டைக்காலில் வெள்ளையாகச் செதில் விட்டு அரிப்பது பெரும்பாலும் வெறும் வறட்சி; ஹீட்டர் காற்றும் வெந்நீர்க் குளியலும் சேர்ந்து செய்வது. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் முழுதும் காயுமுன் மணமில்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள். லோஷனைவிடக் கெட்டியான களிம்பு நன்றாக வேலை செய்யும். அது ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பருகே கவனம்.

அப்படியும் சிவந்து அரித்தால் வீரியம் குறைந்த ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் 1% கிரீம் பூசலாம். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். 7 நாளுக்கு மேல் வேண்டாம். முகம், தொடையிடுக்கு, புண் ஆகியவற்றில் பூசவே கூடாது. குழந்தைக்கென்றால் மருந்தாளரிடம் கேளுங்கள்.

இரவில் மட்டும் அரிப்பு கூடுகிறதா, விரலிடுக்கில் பொரிகளா, அறைத்தோழருக்கும் அதே தொல்லையா? தோலுக்குள் புகும் நுண்பூச்சியால் வரும் சிரங்காக இருக்கலாம். பெர்மெத்ரின் 5% கிரீமைக் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை பூசி, 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும்; 7 நாளில் மறுமுறை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் செய்யாவிட்டால் பலனில்லை. பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். அதற்காக மூன்றாவது, நான்காவது முறை பூசி எரிச்சலைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

நம் கருந்தோலில் 'சிவப்பு' ஊதாவாகவோ அடர்பழுப்பாகவோதான் தெரியும். ஆகவே தொட்டுப் பாருங்கள்: சூடு, வலி, வீக்கம், காய்ச்சல், வேகமாகப் பரவுதல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.